பன்னிரண்டு சென்ட் இடமும் பேராதனை மூங்கிலும்

வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு சென்ட் காலியிடம் கிடக்கிறது. கண்டிக்குப் போனபோது பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் பார்த்த இராட்சத மூங்கில் மனதைவிட்டுப் போக மறுக்கிறது. அதைப்போல ஒரு குத்து திருச்சியில் அழகுக்காக வளர்க்கலாமா, இல்லை, வேர் சுவரை உடைக்கும், பாம்பு வரும், பூத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று மாமனார் சொல்வதைக் கேட்டு ஆசையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வளருமா என்பது இதில் சின்னக் கேள்வி. மூங்கில் வளர்ந்துவிடும். பத்தாவது ஆண்டில் அது எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அப்போது அரிவாளோடு அதற்குள் யார் இறங்குவார் என்பதே உண்மையான கேள்வி. நட்டுத் தரச் சொல்லி வருகிறவர்கள் இதைக் கேட்பதில்லை. பிடுங்கித் தரச் சொல்லி வருகிறவர்கள்தான் கேட்கிறார்கள்.

நான் வனவியல் படித்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோப்புகளுக்கும் வீடுகளுக்கும் மூங்கில் நட்டுக்கொடுத்து வருகிறேன். ஆனால் என் அனுபவத்தில் பெரும்பகுதி பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்து மண்ணில் கிடைத்தது. திருச்சி வெயிலில் நட்டது கொஞ்சம்தான். அதனால் உயரம், வேகம் பற்றி நான் சொல்லும் அளவுகளைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பேராதனையில் பார்த்தது டென்ட்ரோகலாமஸ் ஜைகான்டியஸ். மியன்மார், தாய்லாந்துப் பக்கத்து மூங்கில். நல்ல இடம் கிடைத்தால் 25 முதல் 30 மீட்டர் வரை ஏறும். கழியின் குறுக்களவு 20 சென்டிமீட்டரைத் தாண்டும். அதாவது ஒரு குடத்தின் வாயைவிட அகலம். ஆனால் அது நிற்கிற இடத்தையும் நினைத்துப் பாருங்கள். மகாவலி ஆறு சுற்றி வளைத்து ஓடும் நிலம், ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை, ஈரம் குறையாத காற்று. திருச்சியில் பெய்வது அதில் பாதிகூட இல்லை. காற்றின் ஈரத்துக்கும் இராட்சத மூங்கில் குருத்தின் வேகத்துக்கும் உள்ள தொடர்பை அந்தத் தோட்டத்திலேயே அளந்து, ஆர். எச். லாக் என்ற தாவரவியலாளர் 1904-இல் எழுதினார். வேருக்கு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் காற்றின் வறட்சியை நாம் மாற்ற முடியாது. எனவே கன்றை வாங்கிவந்து நட்டால் உங்கள் இடத்தில் பிழைக்கும், உயரவும் செய்யும். ஆனால் நீங்கள் அண்ணாந்து பார்த்த அந்த மூங்கிலாக அது ஆகாது. சுமாரான உயரம் வந்தாலே அதன் தலை நாலாபுறமும் வளைந்து அண்டை வீட்டு மாடிக்கு மேலே தொங்கும். பேராதனையில் ஆற்றின் மேல் சாய்கிறது, யாரும் சண்டைக்கு வருவதில்லை.

அடுத்ததாக, மூங்கில் வளரும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மரம் ஆண்டுதோறும் பருக்கும், மூங்கில் பருக்காது. அது புல் குடும்பம். மழைக்காலத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு வரும் குருத்து எவ்வளவு தடிமனோ, அதுதான் அந்தக் கழியின் கடைசித் தடிமன். இரண்டு மூன்று மாதத்தில் முழு உயரத்தையும் எட்டிவிடும். நல்ல குத்தில் பெரிய இனக் குருத்து ஒரே நாளில் ஓர் அடிக்கு மேலும் ஏறுவதுண்டு. அப்படி ஏறும்போது பார்த்தால் குருத்து முழுவதும் பாளை சுற்றி, அதன்மேல் கருப்பும் பழுப்புமாகச் சுணை படிந்திருக்கும். கையால் தடவிவிடாதீர்கள், அந்தச் சுணை விரல் இடுக்கில் ஏறினால் ஒரு நாள் முழுக்க அரிக்கும். உயரம் முடிந்த பிறகுதான் பாளை ஒவ்வொன்றாக உதிரும், பக்கக் கிளை பிரியும், இலை வரும். அதன்பின் அந்தக் கழி செய்வது முற்றுவது மட்டும்தான். அப்படியானால் குத்து எப்படிப் பெரிதாகிறது? இந்த ஆண்டுக் கழிகள் தயாரிக்கிற உணவு மண்ணுக்கடியில் உள்ள கிழங்கில் சேர்கிறது. அடுத்த ஆண்டுக் குருத்து அதைவிடத் தடிமனாக வருகிறது. முதல் ஆண்டு பென்சில், இரண்டாம் ஆண்டு கட்டைவிரல், பிறகு மணிக்கட்டு. கண்ணுக்கு நிறைவான குத்தாக ஆறேழு ஆண்டு ஆகும். இரண்டாம் ஆண்டில் ஒல்லியாக நிற்கிறதே என்று உரத்தைக் கொட்டிப் பயனில்லை. அந்த ஒல்லிக் கழிகள் பருக்கவே போவதில்லை.

இனி மாமனாரின் முதல் குற்றச்சாட்டு. மூங்கிலில் இரண்டு சாதி. ஒன்று, கிழங்கு நீண்டு மண்ணுக்கடியில் ஓடி, பத்தடி தள்ளி எங்கோ தலைகாட்டும் ஓடுமூங்கில். சீனா, ஜப்பானின் குளிர்ப் பகுதிகளில் உள்ள ஃபில்லோஸ்டாகிஸ் வகைகள் அப்படிப்பட்டவை. வெளிநாட்டு வீடியோக்களில் தரையைப் பிளந்து வருவதாகக் காட்டிப் பயமுறுத்துவது இவற்றைத்தான். திருச்சி வெயில் இவற்றுக்கு ஒத்துவராது. மற்றொன்று குத்துமூங்கில். கிழங்கு குட்டையாக வளைந்து உடனே மேலே திரும்பிவிடும். நம் ஊர் முள்மூங்கில், கல்மூங்கில், பேராதனை இராட்சதன், மஞ்சள் மூங்கில் எல்லாம் இந்தச் சாதிதான். இவை ஓடாது, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு வட்டம் பெரிதாகும். வேர்கள் சல்லிவேர்கள், பெரும்பாலும் மேல்மண்ணின் இரண்டு மூன்று அடிக்குள் அடர்ந்து கிடக்கும். ஆலமரத்து வேர்போலப் பருத்து அஸ்திவாரத்தை நெம்பும் வேர் இதற்குக் கிடையாது. இது உறுதி. சுவரை ஒட்டி நட்டால் கிழங்கு வந்து சுவரில் முட்டும், பின்னால் வரும் கிழங்கு அதைத் தள்ளும் என்பதும் அதே அளவு உறுதி. வீட்டு அஸ்திவாரம் தாங்கும். ஒன்றரை அடி ஆழத்தில் கட்டிய மதில் தாங்காது. கரிசலாகவோ களிமண்ணாகவோ இருந்தால் இன்னொன்றும் உண்டு: தாகமுள்ள எந்தச் செடியும் கோடையில் அந்த மண்ணின் ஈரத்தை உறிஞ்சும்போது மண் சுருங்கும், மேலே நிற்கும் லேசான கட்டுமானம் விரிசல் விடும். உங்கள் மண் எது என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் இந்த ஒன்றில் மட்டும் என்னால் உறுதி தர இயலாது.

இதை ஏட்டறிவாகச் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்கு மஞ்சள் மூங்கில் நட்டுக்கொடுத்தேன். மதிலிலிருந்து நான்கடி தள்ளி நட்டேன். வாடிக்கையாளர் பக்கத்து வீட்டு ஜன்னல் மறைய வேண்டும் என்றார், நானும் தலையாட்டினேன். ஒன்பதாம் ஆண்டு கூப்பிட்டு அனுப்பினார். மதில் வெளிப்பக்கம் ஒரு சாண் சாய்ந்திருந்தது. குத்தை எடுக்க ஜேசிபி உள்ளே நுழைய வழியில்லை. கடப்பாறை, கோடரி, நான்கு ஆட்கள், மூன்று நாள். கிழங்குகள் ஒன்றோடொன்று பின்னி, இடையில் மண்ணே இல்லாமல் ஒரே கட்டையாக இருந்தன. கோடரி விழுந்தால் கல்லில் பட்டதுபோலத் துள்ளியது. அன்றிலிருந்து மதிலுக்கும் மூங்கிலுக்கும் நடுவே பதினைந்து அடி இல்லாவிட்டால் நான் குழி எடுப்பதில்லை. கழிவுநீர்க் குழாய், செப்டிக் டேங்க் பக்கமும் இதே தூரம் நல்லது. தடித்த கிழங்கைவிடச் சல்லிவேர்தான் அங்கே தொல்லை. இணைப்பில் கசிவு இருந்தால் மோப்பம் பிடித்து உள்ளே நுழைந்துவிடும். தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எதை நடுவது? உங்கள் இடத்துக்கு என் யோசனை மஞ்சள் மூங்கில், அதுவும் ஒரே ஒரு குத்து. பாம்பூசா வல்காரிஸ் இனத்தில் பொன்மஞ்சள் கழியில் தூரிகையால் இழுத்ததுபோலப் பச்சைக் கோடு ஓடும் வகை. இங்குள்ள வெயிலுக்கு 35, 40 அடி எதிர்பார்க்கலாம். கழி கைக்கு அடங்காத பருமன் வரும். வறட்சியைத் தாங்கும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது கழிகளின் நிறத்தைப் பார்த்தால் பேராதனையைக் கொஞ்சம் மறப்பீர்கள். அழகு மூங்கிலில் கண் பார்ப்பது கீழ்ப் பத்தடியைத்தான். நூறடி உயரம் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. இதில் ஒரு குறை உண்டு: மற்றக் குத்துமூங்கில்களைவிட இதன் கழிகள் கொஞ்சம் தள்ளித் தள்ளி வரும். வட்டம் சீக்கிரம் பெரிதாகும், கட்டுப்படுத்த வேண்டும். சில ஆண்டுகளில் முழுப் பச்சையாக ஒரு குருத்து வரும். பாவம் பார்க்காமல் அடியோடு எடுத்துவிடுங்கள். விட்டால் பச்சை பெருகிக்கொண்டே போகும்.

புத்தர் வயிற்று மூங்கில் என்று கணுவுக்குக் கணு பானைபோல உப்பியதைக் காட்டி விற்பார்கள். தொட்டியில் நெருக்கி, தண்ணீரைக் குறைத்து வாட்டினால்தான் அந்த வயிறு வரும். நல்ல மண்ணில் இறக்கிவிட்டால் நேராக, உயரமாக, சாதாரண மூங்கிலாக வளர்ந்துவிடும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதி ஏமாற்று, பாதி நல்ல சாப்பாடு. மஞ்சள் மூங்கிலுக்கு உறவான குள்ள வகை ஒன்றில் அடிப்பகுதியில் கணுக்களுக்கு நடுவே உப்பியே இருக்கும். வயிறுதான் வேண்டுமென்றால் அதைத் தேடுங்கள். முள்மூங்கிலை வீட்டுப் பக்கம் யோசிக்கவே வேண்டாம். வேலிக்கு அருமையானது, ஆனால் அதற்குள் புகுந்து ஒரு கழி வெட்டியவருக்கு அடுத்த கழியில் ஆசை இருக்காது. கடையில் தண்ணீர்க் குவளையில் விற்கும் அதிர்ஷ்ட மூங்கில் மூங்கிலே அல்ல, டிரசீனா என்ற வேறொரு செடி.

கன்று வாங்கும்போது பெரும்பாலோர் உயரத்தைப் பார்க்கிறார்கள். நீங்கள் பையின் வாயைப் பாருங்கள். மஞ்சள் மூங்கிலைக் கணுத்துண்டு புதைத்துத்தான் பெருக்குகிறார்கள். துண்டில் இலை வரும், வேரும் வரும், பார்க்கப் பச்சைப்பசேலென்று நிற்கும். ஆனால் கிழங்கு உருவாகியிருக்காது. கிழங்கில்லாத கன்று இரண்டு ஆண்டு அப்படியே நின்று ஒரு கோடையில் போய்விடும். துண்டின் பக்கக் கிளையைக் குருத்தென்று நினைத்துவிடாதீர்கள். மண்ணுக்குள்ளிருந்து, பழைய தண்டைவிடச் சற்றாவது தடிமனாக ஒரு புதுக் குருத்து கிளம்பியிருக்க வேண்டும். அதுதான் கிழங்கு பிடித்ததற்கு அடையாளம். ஆறடிக் கன்றை விட்டுவிட்டு இரண்டடியில் இரண்டு குருத்து விட்ட கன்றை எடுங்கள். முடிந்தால் தாய்க்குத்தையும் காட்டச் சொல்லுங்கள். பையில் இருக்கும்போது பல இனங்கள் ஒரே மாதிரி இருக்கும், பெயர்ப்பலகை மாறிப்போவது நர்சரிகளில் சகஜம்.

நடுவது சுலபம். மூன்றடிக் குழி, பாதிக்கு மக்கிய தொழுஉரமும் மேல்மண்ணும். தண்ணீர் தேங்கும் இடமானால் மேடு கட்டி நடுங்கள். மூங்கிலுக்கு ஈரம் பிடிக்கும், சேறு பிடிக்காது. உங்கள் பக்கம் மழை ஐப்பசியில்தான் வலுக்கிறது என்பதால் புரட்டாசிக் கடைசியில் நட்டால் வேர்பிடிக்க நேரம் கிடைக்கும். ஆடியில் நட்டால் காவிரிப் பக்கத்துக் காற்று இளங்கன்றை ஆட்டி வேரை அறுத்துவிடும். முதல் இரண்டு கோடைதான் கண்டம். அன்றாடம் இரண்டு மூன்று குடம் வேண்டியிருக்கும். இலையைப் பார்த்தே தாகத்தைச் சொல்லிவிடலாம்: நண்பகலில் நீளவாக்கில் சுருண்டு குழல்போல ஆகும். மாலையில் விரிந்துவிட்டால் பரவாயில்லை, மறுநாள் காலையிலும் சுருண்டே இருந்தால் தாமதித்துவிட்டீர்கள். விழுகிற இலையைப் பெருக்கி எரிக்காதீர்கள். மூங்கில் இலையில் சிலிக்கா அதிகம், மெதுவாக மக்கும். தூரிலேயே கிடந்தால் ஈரத்தையும் காக்கும், எடுத்ததையும் மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கும். கிழங்குகள் ஆண்டுதோறும் சற்று மேலே மேலே வருவதால் மழைக்கு முன் தூரில் இரண்டு கூடை மண் அணைத்துவிடுவதும் நல்லது.

நான்காம் ஆண்டிலிருந்துதான் உங்கள் உழைப்பு தொடங்குகிறது. மூன்று ஆண்டைத் தாண்டிய கழிகளை, குறிப்பாக நடுவில் இருப்பவற்றை, மழை ஓய்ந்து குருத்துப் பருவம் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். புதுக்கழியில் கைவைக்கக் கூடாது; அடுத்த ஆண்டுக் குருத்துக்குச் சோறு போடுவது அதுதான். எந்தக் கழி எந்த ஆண்டுடையது என்று பிறகு நினைவிருக்காது, அதனால் வந்த ஆண்டை அடிக்கணுவில் பெயின்ட்டால் எழுதிவையுங்கள். வெட்டும்போது தரையை ஒட்டி, ஒரு கணுவுக்குச் சற்றே மேலே வெட்டுங்கள். கணுவுக்கு நாலு விரல் மேலே வெட்டினால் மிச்சம் நிற்பது ஒரு டம்ளர். மழைநீர் தங்கும், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு குத்தில் இப்படி இருபது டம்ளர் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். வட்டத்தைத் தாண்டி வரும் குருத்தை ஓரடி உயரத்திலேயே தட்டிவிட்டால் போதும். அந்த வயதில் காலால் உதைத்தாலே முறியும். ஒரு மாதம் விட்டால் அரிவாள் கேட்கும். முறித்த குருத்தைச் சமைக்க நினைத்தால் நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பச்சைக் குருத்தில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. தேய்பிறையில் வெட்டினால் பூச்சி அரிக்காது என்று ஆசாரிகள் சொல்வார்கள். கழியிலுள்ள மாவுச்சத்தைத் தேடித்தான் துளைப்பூச்சி வருகிறது, அந்தச் சத்து பருவத்துக்குப் பருவம் மாறுகிறது, இதுவரை உறுதி. நிலவைப் பொறுத்தும் மாறுகிறது என்பதை நான் நம்புவதற்கான வலுவான சான்றைப் பார்த்ததில்லை. தேய்பிறையில் வெட்டுவதால் நஷ்டமும் இல்லை.

வெட்டுவதற்கு அனுமதி வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கிளப்புவார்கள். 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மூங்கிலையும் மரக்கணக்கில் வைத்திருந்தது. 2017-இல் வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. காட்டுக்கு வெளியே வளர்த்ததை வெட்டவும் கொண்டுபோகவும் இப்போது அந்தத் தடை இல்லை.

பாம்பு விஷயத்தில் மாமனார் சொல்வது பாதி சரி. மூங்கிலுக்காகப் பாம்பு வருவதில்லை, எலிக்காக வருகிறது. எலி, தூரில் குவிந்த காய்ந்த பாளைக்கும் உடைந்த கழிக்கும் வருகிறது. அடி நாலடி உயரத்துக்குப் பக்கக் கிளைகளைக் கழித்து, இலைமெத்தையைக் கையளவு கனத்துக்கு மேல் விடாமல், தூருக்குள் வெளிச்சம் விழும்படி வைத்திருந்தால் ஒளிய இடமில்லை. மூங்கிலின் பெயரையே தாங்கிய பச்சைக் குழிவிரியன் மலைக்காட்டுப் பிராணி, உங்கள் தெருவுக்கு வராது.

பூப்பதைப் பற்றிய பயத்துக்கு வேர் இருக்கிறது. முள்மூங்கில் முப்பது நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதை தள்ளி, குத்தோடு காய்ந்துவிடும். அந்த விதைதான் மூங்கிலரிசி. விதை கொட்டினால் எலி பெருகும். மிசோரத்தில் 48 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் வேறொரு மூங்கிலால் 1959-ஐ ஒட்டிப் பஞ்சமே வந்தது. தலைமுறைக்கு ஒருமுறை நடப்பதும், நடந்தபின் வறட்சியோ எலியோ வருவதும் சேர்ந்து கெட்ட சகுனம் ஆகியிருக்கும் என்பது என் ஊகம். மஞ்சள் மூங்கில் பூப்பது மிக அரிது. கவனிக்க வேண்டியது வேறு: துண்டிலிருந்து வந்த கன்றுக்குத் தாயின் வயதுதான். தாய் பூக்கும் காலம் நெருங்கியிருந்தால் நேற்று நட்ட கன்றும் பூத்துவிடும். வீட்டுக்கு மூங்கில் ஆகாது என்ற பேச்சுக்குப் பதிலாக மாமனாரிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள்: திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் தலமரம் மூங்கில், அந்த ஊருக்கே வேணுவனம் என்று பெயர்.

கன்று வாங்கப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நட நினைக்கும் இடத்தில் ஒரு குச்சியை அடித்து, ஆறடிக் கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போடுங்கள். பத்தாம் ஆண்டில் நீங்கள் ஒழுங்காகக் கழித்துவந்தால் குத்து அந்த அளவில் நிற்கும். கழிக்காவிட்டால் கயிற்றைப் பத்தடியாக்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் அந்த வட்டத்துக்குள் யாரும் கால் வைக்காமல் வீட்டு வேலைகள் நடக்கட்டும். துணி காயப்போடும் கொடியோ கிணற்றடிக்குப் போகிற பாதையோ வட்டத்துக்குள் மாட்டினால், குச்சியைப் பிடுங்கித் தள்ளி அடிக்க இதுதான் நேரம்.